புல் பதித்த முதல் வருடம்

கல்யாணமாகி மூணாறு பக்கத்துச் சூரியநெல்லிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவது. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு நர்சரி இருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கிளையை பிளேடால் சீவி, கன்றின் தண்டைப் பிளந்து, இரண்டையும் பொருத்தி நாடா சுற்ற வேண்டும். வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு அது நன்றாகவே வந்தது.

சூரியநெல்லியில் அந்த வேலைக்கு ஒரு பயனும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். காலையில் துவைத்துப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். என் கணவர் சுற்றுலாக்காரர்களைச் சூரிய உதயம் காட்ட மலைக்கு அழைத்துப் போகும் ஜீப்பின் டிரைவர். அவர் விடியும் முன்னே போய்விடுவார். அவருடைய அக்கா, என் நாத்தனார், எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போய்விடுவார். நான் வீட்டில் தனியாக அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வீடு எஸ்டேட் வீடு. லயம் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் அங்கே வேலை செய்கிற ஒருவரின் பெயரில். மாமனாரும் மாமியாரும் இறந்தபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருக்க, நாத்தனார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அப்போது என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் படிக்க வைத்ததில் நாத்தனாருக்குக் கல்யாணம் தள்ளிப் போய், பிறகு பேச்சே நின்றுவிட்டது. ஆக, நான் வாழ வந்த வீடு என் கணவரின் வீடு அல்ல, நாத்தனாரின் வீடு.

வந்த புதிதில் எங்கள் பக்க வழக்கப்படி அவரை "நங்கையா" என்று கூப்பிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது என்ன பிள்ள, நங்கையா கிங்கையான்னு? மதினின்னு கூப்பிடு."

"சரிங்க மதினி."

"அந்த 'ங்க'வயும் விடு. ஆபீஸ்ல நிக்க மாதிரி இருக்கு."

அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

என் கணவர் தினமும் ஆள் ஏற்றுகிற ஒரு சிறிய ரிசார்ட்டில் தோட்ட வேலை செய்த ஆள் நின்றுவிட்டார். அங்கே மேனேஜர் கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் பாதி மலையாளம். "வீட்டுல வெறுதே இருக்குறாங்கன்னா வரச் சொல்லு, செடி நனைக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பினார். நான் போனேன். தண்ணீர் ஊற்றுவதைத் தவிரவும் அங்கே நிறைய வேலை இருந்தது. தொட்டிகளை மாற்றினேன், காய்ந்த கிளைகளை வெட்டினேன், வரவேற்பறைக்கு முன்னால் புதர் மண்டிக் கிடந்த பாத்தியைத் திருத்தினேன். வந்து தங்கியவர்கள் அங்கே நின்று படம் எடுக்க ஆரம்பித்ததும் மேனேஜருக்கு என் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அந்த ரிசார்ட்டின் முதலாளி எதிர்ப்புறச் சரிவில் இன்னொரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். சரிவில் தனித்தனி வீடுகள், நடுவில் சாப்பாட்டுக் கூடம், சுற்றிலும் புல்தரை. தோட்டம் போடும் வேலையை எடுத்த ஆள் மண்ணை மட்டும் கொட்டிவிட்டு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தச் சரிவைக் காட்டினார்.

"சேச்சி, இது கான்ட்ராக்டா எடுக்குமோ? ஓபனிங்குக்கு முன்னே தீரணும் கேட்டோ."

"எடுக்கறனுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு புல் வேண்டும், எதுவும் தெரியாது. கான்ட்ராக்ட் என்ற சொல்லை என்னிடம் ஒருவர் சொன்னதே அதுதான் முதல் தடவை.

வீட்டில் வந்து சொன்னபோது கணவர் தலையைச் சொறிந்தார். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தார்.

"என்ன வேலைன்னு சொன்ன?"

"புல்லு நடறதுங்க மதினி. அப்பறம் பூச்செடி."

"புல்லப் போயா நடுவாங்க? நாங்க காலமெல்லாம் புல்லப் புடுங்கித்தான் சம்பளம் வாங்குதோம்."

சொல்லிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் விடுமுறை நாளில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னோடு அந்தச் சரிவுக்கு வந்துவிட்டார். லயத்திலிருந்து இன்னும் நான்கு பெண்களையும் கூட்டி வந்திருந்தார்.

செடிகளை நான் ஊரிலிருந்து வாங்கினேன். பழைய நர்சரி முதலாளியிடம் போனில் பேசி, காகிதப் பூ, அரளி, இட்லிப் பூ, செம்பருத்தி, அடீனியம் எல்லாம் ஒரு பிக்கப் வண்டி நிறைய. அதில் மேனேஜர் கேட்ட அலங்காரப் பனைகளும் இருந்தன. ரிசார்ட் முதலாளி துபாயில் பார்த்தாராம், நுழைவாயிலின் இரண்டு பக்கமும் பனை வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நானே ஊருக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழி. செக்போஸ்டில் வனத்துறை ஆள் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு தொட்டியையும் பார்த்தார்.

"சந்தனத் தை உண்டா?" கன்றைத்தான் மலையாளத்தில் தை என்பார்கள்.

"இல்லீங்க சார், இட்லிப் பூவுங்க."

ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார். மறையூர் தாண்டி மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. பின்னால் என் செடிகள் பூத்துக் குலுங்கிக்கொண்டு வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. மேனேஜர் வண்டியைப் பார்த்து "சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

மழை ஆரம்பித்தது. நட்டுச் சில வாரங்களிலேயே காகிதப் பூவின் இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. செம்பருத்தி மொட்டு வைத்து, மொட்டு விரியாமலே உதிர்ந்தது. அரளி கறுத்தது. நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடீனியத்தின் தண்டைத் தொட்டார். வெந்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி அது கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி ஆறியிருப்பேன்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெயிலில் வளர்ந்த செடியைப் பனியில் கொண்டு வந்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானே அப்படி வந்தவள்தானே. ஆனால் எனக்கு ஸ்வெட்டர் இருந்தது.

அன்று மாலை மழை விட்ட நேரத்தில் இருவரும் லயத்துக்கு நடந்தோம். தினமும் போகிற வழிதான். அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். எல்லா வீட்டு வாசலிலும் பூ. பெயின்ட் டப்பாவில், உடைந்த பக்கெட்டில், கிழிந்த சாக்கில் எல்லாம் வளர்ந்து நின்றன. நீலமும் ஊதாவுமாகப் பந்து பந்தாக ஹைட்ரேஞ்சியா, தட்டு அகலத்துக்கு டேலியா, சிவப்பு ஜெரேனியம், சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த காசித்தும்பை. அத்தனை மழையிலும் ஒன்றுகூட அழுகவில்லை.

"மதினி, இதுலிருந்து கிளை ஒடிச்சுக் குடுப்பாங்களா?"

"எதுக்கு?"

"ரிசார்ட்டுல வெக்கறதுக்குங்க."

அவர் நின்றுவிட்டார். "லயத்துப் பூவயா? கோடிக்கணக்குல செலவழிச்சுக் கட்டுதான் அந்த மனுசன். அவன் வாசல்ல பெயின்ட் டப்பாச் செடிய வெப்பியா? எல்லாரும் சிரிப்பாங்க."

"டப்பாவ விட்டுட்டுச் செடிய மட்டும் வெப்பமுங்க."

"நா யாருட்டயும் கேக்க மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

அவர் கேட்கவில்லை, நான்தான் வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ரூம் போட்டுத் தங்க வாறவங்க இதப் பாக்கவா வருவாங்க? இத எங்க வீட்டு ஆடு கூடத் திங்காது" என்றார். ஆனாலும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, எந்தக் கிளை வேர் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். சும்மா வாங்கவில்லை, காசு கொடுத்தோம். அதைப் பார்த்ததும் அடுத்த லயத்திலிருந்தும் ஆள் வந்தார்கள்.

கிளைக் குச்சிகளைப் பைகளில் ஊன்றி வேர் பிடிக்க வைத்தது என் பங்கு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கை தானாக வேலை செய்தது. வளர்ந்து நின்ற செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து நட்டது நாத்தனாரின் ஆட்கள். மேனேஜர் வந்து பார்த்தார்.

"இது ஊட்டிச் செடியாணோ?"

நான் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெட்கமாக இருக்கிறது என்று சொன்ன அதே நாத்தனார் முந்திக்கொண்டு, "லயத்துல இருந்து எடுத்தது சார்" என்றார்.

"பூக்குமோ?"

"வருசம் பூராப் பூக்கும்."

"பின்ன மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் இருவரும்தான் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

புல் பதிப்பது அதைவிடக் கஷ்டமான வேலை. முதலில் பதித்த துண்டுகளை ஒரு மழை மொத்தமாகக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு சரிவுக்குக் குறுக்காக, தேயிலைப் பாத்தி போகிற போக்கில், வரிசை வரிசையாக வைத்து, ஒவ்வொரு துண்டையும் மூங்கில் முளை அடித்து நிறுத்தினோம். ஞாயிறு மட்டும் போதவில்லை. நாத்தனார் லீவு போட்டுவிட்டு வந்தார். லீவு தீர்ந்ததும், கொழுந்து எடுத்து முடித்துவிட்டு நேரே அங்கே வந்தார். கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு.

திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது காலையில் மேனேஜர் போன் பண்ணினார். குரல் சரியில்லை. "சேச்சி, ஆன வந்து போயி."

போய்ப் பார்த்தோம். ஒற்றை யானை மேலே காட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி, புல்தரையின் நடுவாக நடந்து, நுழைவாயில் வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு பக்கப் பனைகளையும் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டு, அதே வழியில் திரும்பியிருக்கிறது. ஈர மண்ணில் ஒவ்வொரு அடியும் ஒரு அண்டா அளவுக்குப் பள்ளம். பூச்செடி ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆடு கூடத் திங்காது என்ற அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி என்ன நிற்கிறது என்று தெரியாத இடத்தில்தான் நாங்கள் இத்தனை நாளும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தோம்.

நாத்தனார் தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "போயிருச்சு. வெயிலு வாறதுக்கு முன்ன மண்ணு கொண்டாங்க" என்றார். எல்லோரும் கூடைகளை எடுத்தோம்.

பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருக்கும்போது முதலாளி காரில் வந்து இறங்கினார். திட்டு விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் தடங்களைப் பார்த்தபடியே மேலே வரைக்கும் நடந்து போனார். திரும்பி வந்து மேனேஜரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். மேனேஜர் எங்களிடம் வந்து, "ஒண்ணு மட்டும் மூட வேண்டா. சுத்திக் கல்லு வெச்சு நிறுத்தணும். கெஸ்ட்டுக்குக் காட்டணும்" என்றார். பனையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அப்படியே செய்தோம். கல் வைத்த அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எங்கள் புல்லையும் பூவையும் விட்டுவிட்டு அதைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. "நாம இத்தன நாளு குனிஞ்சு நட்டது தெரியல. அது ஒரு அடி வெச்சிட்டுப் போச்சு, கூட்டத்தப் பாரு" என்றார்.

அந்த விழாவிலேயே வேறு இரண்டு ரிசார்ட்காரர்கள் எங்களிடம் வந்து பேசினார்கள். இந்த இடத்தைப் பராமரிக்கும் வேலையும் எங்களுக்கே என்று முதலாளி சொன்னார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். செடி என்னால் முடியும். ஆட்களை நிறுத்தி வேலை வாங்குவதும், சரிவில் மண்ணை நிறுத்துவதும் நாத்தனார் இல்லாமல் நடக்காது. அவரோ எஸ்டேட் ஆள். எஸ்டேட் வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். அதனால் நான் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார். "நா எஸ்டேட்ல பேரு வெட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன்."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "வீட்ட என்னக்கா செய்ய?"

"வாடகைக்குப் பாப்போம்."

"அம்மா அப்பா இருந்த வீடு."

"கம்பெனி வீடு."

"நாளைக்கு இந்தத் தோட்ட வேலை இல்லாமப் போச்சுன்னா? டூரிஸ்ட் வரலன்னா ரிசார்ட்டு ஏது, புல்லு ஏது? கொரோனா நேரத்துல பாத்தேல்ல. ஜீப்பு வருசக் கணக்குல நின்னுச்சு. உன் சம்பளத்துலதான் சாப்பிட்டோம்."

அவர் சொன்னது சரி. நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ பள்ளிக்கூடத்துல இருந்த. வீடு போயிரும்னு நா கூடயத் தூக்குனேன். இப்ப நீ ஜீப் ஓட்டுத, இவ தோட்டம் போடுதா. இன்னும் யாருக்காக நா வீட்டக் காவல் காக்கணும்? எனக்கு இந்தப் புல்லு நடுத வேலை பிடிச்சிருக்கு. அத ஒருத்தரும் கேக்கல."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டக் கூச்சமாகவும் இருந்தது. அவர் விடப்போவது அவருடைய வீட்டை. எனக்குக் கிடைக்கப்போவது ஒரு கூட்டாளி. என் பங்குக்கு நான் எதையும் விடவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

எஸ்டேட் ஆபீஸில் கையெழுத்துப் போடுவதற்குச் சில மாதங்கள் இழுத்தடித்தார்கள். பிறகு ரோட்டோரத்தில், ஒரு டயர் கடைக்குப் பின்னால், தகரம் போட்ட வீட்டுக்கு மாறினோம். லயத்தை விட்டு இறங்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாமான் தூக்க வந்தார்கள். என் கணவர் கடைசியாக ஒருதரம் உள்ளே போய்க் காலி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். புது வீட்டில் சமையலறை சின்னது, ஆனால் பின்னால் செடிப் பைகள் அடுக்க இடம் இருந்தது.

முதல் நாள் காலை எஸ்டேட் சங்கு ஊதியது. அங்கேயும் கேட்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நாத்தனார் சட்டென்று எழுந்து, கொண்டையை முடிந்து, அடுப்படிக்கு வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "கழுத" என்று தன்னையே திட்டிக்கொண்டு, திரும்பிப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தார். தூங்கினாரா என்று தெரியாது.

இப்போது எங்களோடு ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர்கள். நல்ல சீசனில் ஆள் போதாது. மழை அதிகமான வருடம் பாதி வேலை நின்றுவிடும், கணவர் சொன்ன பயம் அப்போதெல்லாம் எட்டிப் பார்க்கும். ஒரு ரிசார்ட் மூடிக்கொண்டு போனபோது நாங்கள் போட்ட புல்தரையில் மாடு மேய்ந்தது. மறையூரில் வேலை கிடைத்தபோது, அங்கே மழை குறைவு என்பதால், முதலமடைச் செடிகளைத் துணிந்து கொண்டு போனேன். அங்கே காகிதப் பூ பிடித்துக்கொண்டது.

போன வருடம் மூணாறு ரோட்டில் ஒரு ஹோட்டல்காரர், சாப்பாட்டுக் கூடத்தின் முன்னால் நூறு தேயிலைச் செடி நட்டுத் தர வேண்டும் என்றார். கெஸ்ட் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற மாதிரி படம் எடுக்கணுமாம். நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த செடிப் பையைக் கீழே வைத்தார். பிறகு, "அத எந்த உயரத்துல வெட்டி நிறுத்தணுமாம்?" என்று கேட்டார்.

"இடுப்பளவுங்க மதினி."

"அப்பம் கன்னு சின்னதா வாங்காத, வளந்து வர நாளாகும். எஸ்டேட் நர்சரில பெருசா இருக்கும், கேட்டுப் பாரு. பறிக்கக் கத்துக் குடுக்க ஆளு கேட்டாம்னா மட்டும் நா வர மாட்டேன், சொல்லிரு."

ஹோட்டல்காரர் அதையும் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். பெரிய கன்று கிடைக்கவில்லை, சின்னதையே நட்டுவிட்டோம். இன்னும் முழங்காலுக்குக் கீழேதான் நிற்கின்றன.